தியேட்டர் கதவிலிருந்து ஐ.சி.யூ. கட்டில் வரை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து சர்ஜன் வெளியே வருகிறார். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்கிறார். நடைபாதையில் காலையிலிருந்து காத்திருந்த குடும்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போன் போடத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் நோயாளி பெரும்பாலும் இன்னும் தியேட்டருக்குள்தான் இருப்பார். மேசையிலிருந்து கட்டிலுக்கு அவரை மாற்றவேண்டும், கட்டிலைத் தள்ளிக்கொண்டு நடைபாதையைக் கடக்கவேண்டும், பல இடங்களில் லிஃப்டில் ஏற்றி இறக்கவேண்டும், ஐ.சி.யூ.வின் வென்டிலேட்டரோடு இணைக்கவேண்டும். இவ்வளவு நேரமும் அவர் தானாக மூச்சுவிட மாட்டார். தசைகளைத் தளர்த்தும் மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது. யாரோ ஒருவர் கையிலோ, ஒரு சிறு இயந்திரத்திலோ அவருடைய மூச்சு இருக்கிறது.

இந்த உரை அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களைப் பற்றியது மட்டுமே. அது ஆள் கடத்தும் வேலை அன்று, அறுவைச் சிகிச்சையின் கடைசிப் பகுதி என்பதுதான் இங்கே சொல்லவருவது. மயக்க மருந்து மருத்துவர்களுக்கு இது புதிதல்ல. மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் கட்டடம் கட்டுவோருக்கும் சில சமயம் சர்ஜன்களுக்கும் இது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

முதலில் நுரையீரலின் நிலையைப் பார்க்கவேண்டும். மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தாலே உதரவிதானம் மேலேறுகிறது. மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கவேண்டிய காற்று அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குறைந்துபோகிறது. முதுகுப் பக்கத்து நுண்காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ஸ்வீடனின் ஹெடன்ஸ்டியர்னாவும் அவருடைய குழுவினரும் 1980களில் மயக்கத்தில் இருந்தவர்களை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து இதைப் படமாகவே காட்டினார்கள். மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் ஏதோ ஓர் அளவில் இந்தச் சுருக்கம் ஏற்படுகிறது. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தவருக்கும் இதே கதிதான்.

இதய நோயாளிக்கு இதற்கு மேலும் நடக்கிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தில், அதாவது தியேட்டர்காரர்கள் 'பம்ப்' என்று சொல்வதில், ரத்தம் ஓடத் தொடங்கியதும் நுரையீரலுக்கு வேலை இல்லை. வென்டிலேட்டரை நிறுத்திவிடுகிறார்கள். மணிக்கணக்கில் அது காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. பைபாஸ் அறுவையில் மார்பெலும்பின் உட்புறம் ஓடும் தமனியைப் பிரித்தெடுக்கும்போது இடப்பக்க நுரையீரல் உறை பெரும்பாலும் திறந்துவிடும். இதயத்தைக் குளிர்விக்க ஐஸ் போட்டால் பக்கத்தில் ஓடும் உதரவிதான நரம்பு மரத்துப்போகலாம். பம்ப் வழியாகச் சுற்றிவந்த ரத்தம் உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பிவிடுவதால் நுரையீரல் திசு நீர் கோக்கிறது. இதய அறுவைக்கு மறுநாள் எக்ஸ்-ரேயில் இடது கீழ்மடல் மங்கித் தெரிவது ஐ.சி.யூ.க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி.

பம்பிலிருந்து இறக்குவதற்கு முன் மயக்க மருந்து மருத்துவர் மூச்சு கொடுக்கும் பையை, அதாவது பேக்கைக் கையில் எடுத்து நுரையீரலை மெதுவாக ஊதி விரிக்கிறார். மார்பு திறந்திருப்பதால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஈரல் நிறத்தில் துவண்டு கிடந்த பகுதிகள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாகி எழும்புகின்றன. சர்ஜன் ஒட்டிய புதிய ரத்தக்குழாய் இழுபடாத அளவுக்கு ஊதவேண்டும். மூடிய அறைகள் திறக்கும் அளவுக்கும் ஊதவேண்டும். புது பலூனை ஊதுவதில் முதல் மூச்சுதான் கடினம் என்பது குழந்தைகளுக்கே தெரியும். மூடிய காற்றறையைத் திறக்க அதிக அழுத்தம் தேவை. திறந்ததைத் திறந்தபடி வைத்திருக்கக் குறைந்த அழுத்தமே போதும். அந்தக் குறைந்த அழுத்தத்துக்குத்தான் ஐ.சி.யூ.க்களில் 'பீப்' என்று பெயர். வழக்கமாக 5 செ.மீ. நீர் அழுத்தத்திலிருந்து தொடங்குவார்கள். ரோட்டர்டாமில் பணியாற்றிய பர்க்ஹார்ட் லாக்மன் 1992இல் எழுதிய ஒரு தலையங்கம் இந்தக் கருத்தையே தீவிர சிகிச்சைத் துறையின் கொள்கையாக நிறுத்தியது: நுரையீரலைத் திறந்தால் மட்டும் போதாது, மறுபடி மூடவிடக் கூடாது.

மார்பை ஸ்டீல் கம்பியால் கட்டித் தைத்து முடித்ததும் மூச்சுக்குழாயிலிருந்து மயக்க மருந்து இயந்திரத்தின் குழாயைக் கழற்றுகிறார்கள். கழற்றிய அடுத்த நொடி பீப் பூஜ்யம்.

மணிக்கணக்கில் படுத்திருந்த நுரையீரலை அவ்வளவு பாடுபட்டு விரித்துவிட்டு, அதைத் திறந்த வெளியோடு இணைத்துவைப்பது என்றால் மறுபடி மூடச்சொல்வது என்றுதான் பொருள். ஒரு நோயாளி தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ. போவதற்குள் இந்தக் கழற்றல் குறைந்தது இரண்டு முறை நடக்கிறது. மயக்க மருந்து இயந்திரத்திலிருந்து பேக்குக்கு ஒரு முறை, பேக்கிலிருந்து ஐ.சி.யூ. வென்டிலேட்டருக்கு ஒரு முறை. நடுவில் இருக்கும் பேக்கில் பீப் வால்வு பொருத்தவில்லை என்றால் வழி நெடுக ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து பெரிய தொழில்நுட்பம் அல்ல. கழற்றும் முன் மூச்சுக்குழாயை ஒரு கிளாம்ப்பால் இறுக்கிப் பிடித்து, மாற்றி இணைத்த பின் விடுவிப்பது. பேக்கில் ஒரு பீப் வால்வைச் செருகுவது. இரண்டும் சிறிய காரியங்கள். சிறியவை என்பதாலேயே மறந்துபோகின்றன.

கையால் மூச்சு கொடுப்பது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஐ.சி.யூ. என்ற ஏற்பாடே அதிலிருந்துதான் பிறந்தது.

1952 கோடையில் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்த இரும்பு நுரையீரல் ஒன்றே ஒன்று. அதோடு மார்புக் கவசம் போன்ற சில கருவிகள். முதல் மூன்று வாரங்களில் அந்த நிலையில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மருத்துவர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் கொடுத்தால் நோயாளியின் நிறம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் வியர்த்துக் கொட்டியது, ரத்த அழுத்தம் ஏறியது, பிறகு இறந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் பைகார்பனேட் கூடியிருந்ததைக் கண்டு ஏதோ இனம் தெரியாத காரத்தன்மை என்று நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் அதை வேறு விதமாகப் படித்தார். இவர்கள் ஆக்சிஜன் இல்லாமல் சாகவில்லை, கரியமில வாயு வெளியேறாமல் சாகிறார்கள் என்றார்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்தில் துளையிட்டு, குழாய் செருகி, தியேட்டரில் செய்வதுபோலவே ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். பிழைத்தாள். அடுத்த மாதங்களில் சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1953 இறுதியில் அதே நகரத்தின் இன்னொரு மருத்துவமனையில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் குறிக்கிறார்கள். அதே 1953 மே 6ஆம் தேதி அட்லாண்டிக்கின் மறுகரையில், பிலடெல்பியாவில், ஜான் கிப்பன் தம் இதய-நுரையீரல் இயந்திரத்தில் 18 வயதுப் பெண்ணை இணைத்து அவளது இதயச் சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்தார். ஓராண்டுக்குள் இரண்டும் நடந்துவிட்டன. ஒரு பக்கம் இதயத்தைத் திறக்கும் அறை, மறு பக்கம் மூச்சைக் காக்கும் அறை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நடைபாதையைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

தானாகவே உப்பிக்கொள்ளும் பையும் டென்மார்க்கிலிருந்துதான் வந்தது. லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் வருவது தடைப்பட, ஆக்சிஜன் வரத்து இல்லாவிட்டாலும் உப்பக்கூடிய பை வேண்டும் என்று ஹென்னிங் ரூபன் என்ற மயக்க மருந்து மருத்துவர் யோசித்தார். சைக்கிள் சக்கரக் கம்பிகளை வைத்து முதல் மாதிரியைச் செய்து பார்த்தார். ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளருடைய நிறுவனம் அதைத் தயாரித்து 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் தொங்கும் 'ஆம்பு பேக்' அதுதான்.

அதன் பலமும் பலவீனமும் ஒன்றே. சிலிண்டர் தீர்ந்தாலும் ஆம்பு பேக் உப்பும். நோயாளிக்கு மூச்சு போகும். ஆனால் போவது அறைக் காற்று, அதில் ஆக்சிஜன் 21 சதவீதம். அமுக்கும் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மயக்க மருந்து மருத்துவர்கள் விரும்பும் பெய்ன் சர்க்யூட் போன்ற பை அமைப்புகளில் நிலைமை நேர்மாறானது. வாயு வரத்து நின்றால் பை துவண்டுவிடும்; கை உடனே அறிந்துகொள்ளும். ஆனால் மூச்சு கொடுக்கவே முடியாது. ஆகவே பழக்கமுள்ளவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாலும் கட்டில் தலைமாட்டில் ஓர் ஆம்பு பேக்கையும் மாஸ்க்கையும் வைத்துக்கொள்ளாமல் நகர மாட்டார்கள். நல்ல டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டர் இருந்தாலும் அப்படித்தான்.

டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டரா, கையா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. 1987இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனைக்குள்ளேயே கையால் பேக் அமுக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் கரியமில வாயு அளவு கணிசமாக மாறியதையும், அதோடு ரத்த அழுத்தம் விழுவதும் இதயத் துடிப்பு தடுமாறுவதும் நேர்ந்ததையும் காட்டியது. இரண்டே ஆண்டுகளில் இன்னோர் ஆய்வு, பயிற்சி பெற்றவர் நோயாளியின் வென்டிலேட்டர் அளவுகளை அறிந்துகொண்டு அமுக்கினால் கையும் பாதுகாப்பானதே என்று பதில் சொன்னது. இரண்டும் உண்மைதான். சிக்கல் அந்தப் 'பயிற்சி பெற்றவர்' என்ற நிபந்தனையில் இருக்கிறது. மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் நேரத்தில் மூத்த மருத்துவர் மருந்து பம்புகளையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார். பேக் பெரும்பாலும் அங்கே இருப்பவர்களில் மிக இளையவர் கைக்குப் போகும்.

பதற்றத்தில் கை வேகமெடுக்கும். அமெரிக்காவின் மில்வாக்கியில் இதயத் துடிப்பு நின்றுபோனவர்களுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மூச்சு கொடுத்ததை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். நிமிடத்துக்குச் சராசரி 30 முறை அமுக்கியிருந்தார்கள். தேவைப்பட்டதோ அதில் பாதிகூட இல்லை. அவர்கள் தேர்ந்த ஊழியர்கள். தெருவோர அவசரமும் மருத்துவமனை நடைபாதையும் ஒன்றல்லதான், ஆனால் மனிதக் கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வேகமாக அமுக்கினால் என்ன ஆகும்? உள்ளே போன காற்று முழுதாக வெளியேறும் முன் அடுத்த மூச்சு வந்துவிடும். மார்புக்குள் அழுத்தம் ஏறும்; இதயத்துக்குத் திரும்பிவரும் ரத்தம் குறையும்; ரத்த அழுத்தம் விழும். அறுவை முடிந்து சில நிமிடமே ஆன இதயம் என்பதால் எல்லோருடைய சந்தேகமும் இதயத்தின் மேல்தான் போகும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைக் கூட்டுவார்கள். பேக் அமுக்குபவரிடம் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒருவர் சொன்னால் போதுமாக இருந்திருக்கும். அதிகமாக அமுக்கும்போது கரியமில வாயு மிகக் குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதும் உண்டு. குறைவாக அமுக்கினால் கரியமில வாயு ஏறி நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகும். ஏற்கெனவே களைத்துப்போன வலது இதயத்தின் மேல் சுமை கூடும்.

குழந்தைகளிடம் இந்தக் கத்தி இன்னும் கூர்மையானது. பிறவி இதயக் கோளாறால் நுரையீரல் அழுத்தம் கூடியிருந்த குழந்தைக்கு, ஓட்டையை அடைத்த அன்று, ஒரு நிமிடக் குறைமூச்சோ இருமலோ போதும். நுரையீரல் தமனிகள் ஒரேயடியாக இறுகி ரத்தம் இடப்பக்கம் வராமல் நின்றுவிடும். அந்தத் தமனிகளைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையென்றால், பேக்குக்கு மாற்றும்போது அந்த வாயு அறுந்தாலும் அழுத்தம் எகிறும். ஆகவே பேக்குக்கும் அந்த வாயு போக வழி செய்துகொண்டுதான் கிளம்பவேண்டும். ஒற்றைக் கீழறை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கும் சிசுவுக்கோ ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. நல்லெண்ணத்தில் நூறு சதவீத ஆக்சிஜனைத் திணித்தால் நுரையீரல் தமனிகள் விரிந்து ரத்தத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். உடலுக்கும் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்கும் போதாமல் போகும். சாச்சுரேஷன் 98 என்று காட்டிக்கொண்டே குழந்தை சரியும். "ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே" என்ற பொதுப்புத்தி இங்கே உதவாது.

சாச்சுரேஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974இல் ஜப்பானின் தக்குவோ அவோயாகி கண்ட வழியில் உருவான பல்ஸ் ஆக்ஸிமீட்டரை கொரோனா காலத்துக்குப் பிறகு அறிமுகம் செய்யவேண்டிய அவசியமில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அது தெர்மாமீட்டர் பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் பம்பிலிருந்து இறங்கியவரின் விரல் குளிர்ந்திருக்கும். கருவிக்குத் துடிப்பு கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும், மூச்சுக்குழாய் நழுவிய பிறகு சாச்சுரேஷன் இறங்கத் தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும், அதிலும் நோயாளி நூறு சதவீத ஆக்சிஜனில் இருந்தால். வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் காப்னோகிராஃப் அப்படிக் காக்கவைக்காது. குழாய் கழன்றாலும் அடைத்தாலும் அடுத்த மூச்சிலேயே அலை மாறும் அல்லது மறையும். பிரிட்டனில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுவதும் திரட்டி 2011இல் வெளியிட்ட அறிக்கை, ஐ.சி.யூ.க்களில் அப்படி நேர்ந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் காப்னோகிராஃப் பயன்படுத்தாததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கணித்தது. நோயாளியின் நிறத்தை நம்பாமல் கரியமில வாயுவைப் பார் என்று 1952இல் இப்சன் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான வழிமொழிதல் வேண்டியதில்லை. இருந்தும், தியேட்டர் சுவரோரம் இருக்கும் காப்னோகிராஃப் தியேட்டரிலேயே தங்கிவிடுகிறது. வழிப்பயணத்துக்கான மானிட்டரில் ஈ.சி.ஜி., தமனி ரத்த அழுத்தம், சாச்சுரேஷன் மூன்றும் ஓடுகின்றன. நான்காவது அலைக்குரிய கேபிள் பல இடங்களில் இல்லை.

சிலிண்டர் விஷயத்தில் கணக்கு எளிது. நம் ஊரில் 'பி டைப்' என்று சொல்லும், கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர் வாயு தரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். முள் பாதியில் நின்றால் அதில் பாதி. வாயுவின் விசையிலேயே ஓடும் சில டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டர்கள் தாம் இயங்கவும் கொஞ்சம் வாயுவை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கழித்துக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் தவறு கணக்கில் நேர்வதில்லை. திறக்காத சிலிண்டரில் நேர்கிறது. கையில் தூக்கிச் செல்லும் புதுவகைச் சிலிண்டர்களில் வால்வைத் திறப்பது ஒரு திருகு, அளவை வைப்பது இன்னொரு திருகு. அளவை 15 என்று வைத்துவிட்டு வால்வைத் திறக்காமல் கிளம்பியவர்கள் உண்டு. 2018 ஜனவரியில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. மூன்றாண்டுகளில் 400க்கும் மேற்பட்ட இத்தகைய நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஆறு நோயாளிகள் இறந்திருந்தார்கள். நம் பக்கம் இதோடு இன்னொன்றும் சேரும்: சிலிண்டர் சாவி. அது யாருடைய பாக்கெட்டில் இருக்கிறது என்பது தியேட்டர் கதவைத் தாண்டும் முன் தெரிந்திருக்கவேண்டும்.

ஐ.சி.யூ. போய்ச் சேர்ந்ததும் நடப்பதைப் பற்றிய மிகப் பிரபலமான கதை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வருகிறது. அங்கே இதய சர்ஜன் மார்ட்டின் எலியட்டும் ஐ.சி.யூ. மருத்துவர் ஆலன் கோல்ட்மனும் அறுவைகள் முடிந்த ஒரு நாளில் களைத்துப்போய்த் தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயக் கார் உள்ளே வந்து நிற்க, ஒரு கூட்டம் சில நொடிகளில் டயர் மாற்றி அனுப்புகிறது. யாரும் யாருடனும் கத்திப் பேசவில்லை. தங்கள் ஐ.சி.யூ.விலோ, ஒருவர் வென்டிலேட்டரை இணைக்க, இன்னொருவர் வயர் மாற்ற, மூன்றாமவர் நோயாளியின் வரலாற்றைச் சொல்ல, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஃபெராரி அணியிடம் போய்த் தங்கள் ஒப்படைப்பைப் படம்பிடித்துக் காட்டி யோசனை கேட்டார்கள்.

திரும்பி வந்து முறையை மாற்றினார்கள். முதலில் கருவிகள் மட்டும்: வென்டிலேட்டர் மயக்க மருந்து மருத்துவருக்கு, மானிட்டர் உதவியாளருக்கு, மார்பு வடிகுழாய்கள் நர்சுகளுக்கு. அது முடிந்து நோயாளி நிலையாக இருக்கிறார் என்று உறுதியான பிறகே பேச்சு. ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்கவேண்டும். அதன் பிறகே அடுத்த சில மணி நேரத்துக்கான திட்டம். கென் காட்ச்போலும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 50 ஒப்படைப்புகளை அளந்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 5.42 ஆக இருந்த கருவிப் பிழைகள் 3.15 ஆகக் குறைந்தன. சொல்லாமல் விடுபட்ட தகவல்கள் 2.09இலிருந்து 1.07 ஆயின. நேரம் 10.8 நிமிடத்திலிருந்து 9.4 ஆனது. பத்திரிகைகள் 'பந்தய வேகம்' என்று எழுதின. மிச்சமான நேரமோ ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பிழை குறைந்ததற்கு வேகம் காரணமல்ல, மூச்சு பாதுகாப்பாகும் வரை வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஃபெராரி பெயர் இல்லாவிட்டால் இந்த ஆய்வை இத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இணைத்தாயிற்று என்பதோடு வேலை முடிவதில்லை. மேசையிலிருந்து கட்டிலுக்குத் தூக்கியபோது தலை அசைந்திருக்கும். தாடை மார்பை நோக்கிக் குனிந்தால் மூச்சுக்குழாயின் நுனி சுமார் 2 செ.மீ. உள்ளே போகும், அண்ணாந்தால் அதே அளவு வெளியே வரும். உள்ளே போனால் வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போகலாம். அதனால்தான் இரு பக்கமும் மார்பு எழும்புகிறதா என்று கண்ணால் பார்த்து, ஸ்டெத் வைத்துக் கேட்டு, குழாய் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று படித்து, எக்ஸ்-ரே எடுத்து, ரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். நுரையீரல் மறுபடி சுருங்கியிருந்தால் வென்டிலேட்டரில் மெதுவாக விரிக்கிறார்கள்.

இதில் ஒரு நேர்மையான தடங்கலையும் சொல்லவேண்டும். நுரையீரலைத் திறந்தே வைத்திருக்கும் உத்தி நோயாளிக்கு இறுதியில் எவ்வளவு நன்மை தருகிறது என்பது தீர்ந்த வழக்கு அல்ல. பிரான்சில் 493 இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த, 2019இல் வெளியான ஆய்வில், பம்பின்போதும் மூச்சு கொடுத்து, அதிக பீப் வைத்து, அடிக்கடி நுரையீரலை விரித்த அணிக்கும் வழக்கமான முறைக்கும் நுரையீரல் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இரு அணியிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு சிக்கல் இருந்தது. ஆகவே பீப் வால்வைச் செருகினால் உயிர் பிழைக்கும் என்று யாரும் பிரசாரம் செய்யக் கூடாது. காப்னோகிராஃப், திறந்த சிலிண்டர், அளவறிந்த கை ஆகியவற்றின் தேவை அந்த வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. பீப் வால்வு ஒரு சிக்கனமான நல்வழக்கம். மற்ற மூன்றும் கட்டாயம்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் 1940களின் இறுதியில் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே திறந்த இதய அறுவைகள் நடந்தன. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையை 1975இல் டாக்டர் கே.எம். செரியன் செய்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் இதய அறுவைகள் நடக்கின்றன. புதிதாகக் கட்டுவோர் கவனிக்கவேண்டியது எளிய விஷயம்: இதயத் தியேட்டரும் அதன் ஐ.சி.யூ.வும் ஒரே தளத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். ஒரு லிஃப்டைத் தவிர்ப்பது ஒரு வென்டிலேட்டர் வாங்குவதற்குச் சமம். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ஐ.சி.யூ. இரண்டு மாடி மேலேதான் என்றால் லிஃப்டைப் பிடித்து நிறுத்திவைக்க ஓர் ஆளும், கட்டிலோடு போகும் பையில் லாரிங்கோஸ்கோப்பும் மாற்றுக் குழாயும் மாஸ்க்கும் இருக்கட்டும். வழிப்பயண மானிட்டர் வாங்கும் டெண்டரில் கரியமில வாயு அலைக்கும் ஒரு வரி சேரட்டும்.

கடைசியாக, தியேட்டருக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டில் வெளியே வரும்போது "ஒரு நிமிஷம், முகத்தைப் பாத்துக்கிறோம்" என்று கேட்பது நம் வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் முழுக்க யாரோ ஒருவர் கையால் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறார்; அவர் கவனம் உங்கள் மேல் திரும்பக் கூடாது. சுவரோரம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் இணைத்து, ரத்த வாயுப் பரிசோதனை முடிவு வந்த பிறகு வீட்டார் ஒருவரை உள்ளே விடும்படி முன்னதாகவே நர்சிடம் சொல்லிவையுங்கள். மருத்துவமனைகளும் இதை ஆபரேஷனுக்கு முந்திய நாளே, கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடலாம்.